பேர் எழுதாத கவர்

ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும் சார். எனக்கு இந்தப் பையை மடியில வச்சுக்க இடம் இருந்தாப் போதும். கண்டக்டர் மேல வைக்கச் சொல்றாரு. மேல வச்சா எவனாவது பெட்டியைத் தூக்கி இது மேல போடுவான். உள்ள பூரா விதை சார். நசுங்கினா யாருக்குப் பதில் சொல்றது?

புதுக்கோட்டைதானே? நானும் அங்கதான். இந்தாங்க, என் கார்டு. கலியபெருமாள், உறையூர். திருப்பிப் பாருங்க, பின்னாடியும் இருக்கு. நெடுஞ்சாலைத் துறையில கண்காணிப்பாளரா இருந்து ரிட்டையர் ஆனேன். அது ஒண்ணு. ஹோமியோபதி பாப்பேன், எண்கணிதம் பாப்பேன், கையெழுத்தை வச்சுக் குணம் சொல்லுவேன். பட்டிமன்றத்துல பேசுவேன். யோகா சொல்லித் தருவேன். கேரம் போட்டிக்கு நடுவரா கூப்பிடுவாங்க. இருபத்தியேழு தடவை ரத்தம் குடுத்திருக்கேன். ஹார்மோனியம் ஓரளவு வரும். மொத்தம் பதினாலு சார். கார்டுல ஒன்பதுக்குத்தான் இடம் இருக்குன்னுட்டான் பிரஸ்காரன். 'பன்முகச் செயல்பாட்டாளர்'னு மேல போட்டிருக்கேன் பாருங்க, அது என்னோட யோசனைதான்.

சிரிக்கறீங்க. சிரிங்க. ஆனா ஒண்ணு சொல்றேன் சார். ரிட்டையர் ஆன அன்னிக்கு எனக்கு மாலை போட்டாங்க, சால்வை போட்டாங்க, கார்ல கொண்டுவந்து வீட்டுல விட்டாங்க. அதோட சரி. மறுநாள்லேருந்து ஒரு போன் கிடையாது. முப்பத்திமூணு வருஷம் 'சார், சார்'னு கூப்பிட்ட பசங்க, கடைவீதியில பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கறாங்க. மனுஷனுக்கு வலிக்குமா வலிக்காதா? அதான் ஃபேஸ்புக் பக்கம் போனேன். கவிதைக் குழு, வரலாற்றுக் குழு, உடல்நலக் குழுன்னு நாலைஞ்சுல சேந்தேன். சேந்த உடனே என்னை அறிமுகப்படுத்திக்கிட்டு பெரிசா எழுதுவேன். ரெண்டு லைக் விழும். அதுல ஒண்ணு என்னோடது.

தை மாசம், காலையில நடக்க வர்ற நண்பர் ஒருத்தர் மாடித் தோட்டக் குழு ஒண்ணைக் காட்டினாரு. 'மாடி விதைப்பு'ன்னு பேரு. அங்க புதுசா வர்றவங்களை அப்படி வரவேற்கறாங்க சார், கல்யாண வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி. ஆனா அவங்களுக்குன்னு ஒரு முறை இருக்கு. அறிமுகம் மூணே வரிதான். பேரு, ஊரு, இப்ப என்ன வளக்கறீங்க. கூட உங்க கையால வளத்த ஒரு செடியோட படம். படிப்பு, பதவி எதுவும் போடக்கூடாது. அதுக்கப்புறம் பழைய ஆள் யாராவது ஒருத்தர், புதுசா வந்தவருக்கு ஒரு கவர்ல விதை போட்டு அனுப்புவாரு. அந்தக் கவர்மேல பேர் எழுதமாட்டாங்க. வேற கவர்ல போட்டுத்தான் தபால்ல வரும். உள்ள இருக்கற விதைக் கவர்ல எழுத்தே இருக்காது. ஏன்னா அங்க செடிதான் ஆளுக்குப் பேரு. அந்த விதையைப் போட்டு முளைக்க வச்சுட்டா, அந்தச் செடிதான் உங்க பேரு. அட்மினுக்குப் பேரு பீர்க்கை அண்ணன். நிஜப் பேரு என்னன்னு பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்கு எவனும் அனுப்பலை சார் அந்தக் கவரை. அஞ்சு மாசம் ஆச்சு, ஒருத்தன் அனுப்பலை. அது வேற கதை, வர்றேன்.

மூணு வரியில என்னைச் சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க. நான் பதினாலையும் எழுதினேன். அந்தக் குழுவுக்குன்னு 'இயற்கை ஆர்வலர்'னு ஒண்ணு சேத்து பதினஞ்சாக்கலாமான்னு பாத்தேன், வேண்டாம்னு ஹார்மோனியத்தை எடுத்துட்டேன். அப்புறம் படம் வேணுமே. எங்க வீட்டு மொட்டைமாடியில செடி இருக்குன்னு தெரியும். அமிர்தம், என் சம்சாரம், அமிர்தவல்லி, அவ ஏதோ வச்சிருக்கான்னு தெரியும். குழம்புல வருதே. மாடி ஏறிப் பாத்தேன் சார். ஏறி அஞ்சு வருஷம் இருக்கும். அசந்து போயிட்டேன். காடு மாதிரி வச்சிருக்கா. எங்கப்பா படுத்திருந்த இரும்புக் கட்டில், ஒரு கால் வளைஞ்சது, பச்சைப் பெயின்ட் அடிச்சது, அதைச் செங்குத்தா நிறுத்திப் பந்தலாக்கியிருக்கா. அதுமேல ஏதோ அவரைக் கொடி. காய்க்கு நாலு பக்கமும் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு. வெளிர் நீலத்துல பூ. நல்லா இருந்துச்சு. எடுத்தேன், போட்டேன். 'எமது இல்லத்து மாடித் தோட்டத்தில்'னு கீழ ஒரு வரி.

பொய்யா சார் அது? வீடு என் பேர்ல. கட்டில் எங்கப்பாவோடது.

பத்து நிமிஷத்துல கொட்ட ஆரம்பிச்சாங்க. 'இது சிறகவரை அக்காவோட கட்டில் பந்தல் ஆச்சே.' 'ஐயா, அக்கா படத்தைத் திருடிப் போட்டு பதினாலு பட்டமா?' 'நாலு வருஷமா இந்தக் கட்டிலைப் பாக்கறோம், எங்ககிட்டயா?' ஒரு பொண்ணு என்னோட பதினாலையும் ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக் கிண்டல் பண்ணியிருந்துச்சு. நான் விடுவேனா, இது என் வீடு, என் மாடின்னு எழுதினேன். அதுக்குப் பீர்க்கை அண்ணன் சொல்றாரு, அக்கா தனியா இருக்கறவங்க, அவங்க பேர்ல இப்படிப் பண்ணாதீங்க ஐயாங்கறாரு. ஆதாரம் வேற காட்டறாரு. ரெண்டு வருஷம் முன்னாடி யாரோ கேட்டிருக்காங்க, அக்கா, இத்தனை மண்ணையும் மாடிக்கு யாரு தூக்கித் தர்றாங்கன்னு. அதுக்கு அந்த அக்கா, 'யாரும் இல்லை, நானேதான், சின்ன வாளியில'ன்னு எழுதியிருக்கு. அதைக் காட்டிட்டு, என்னைக் குழுவை விட்டு நீக்கிட்டாரு. பழைய உறுப்பினர் யாராவது உங்களைத் தெரியும்னு சொன்னா மறுபடி சேத்துக்கறோம்னு ஒரு செய்தி.

ரத்தம் கொதிச்சுது சார். எவளோ ஒருத்தி நாலு வருஷமா எங்க மாடியைப் படம் எடுத்துத் தன்னோடதுன்னு போட்டுக்கிட்டிருக்கா. எப்படி எடுத்திருப்பா? பக்கத்து மாடியிலேருந்து எட்டிப் பாத்துத்தான். நேரா அடுப்படிக்குப் போனேன். அமிர்தம் அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. சொன்னேன், இந்த மாதிரி, சிறகவரை அக்கான்னு ஒரு ஃபிராடு, நம்ம மாடிக்குள்ள ஆள் வந்து போகுது, நீ பாட்டுக்குக் கதவைத் திறந்து போட்டுட்டு வர்ற, நான் சைபர் கிரைம்ல எழுதிக் குடுக்கப் போறேன்னேன். ஒரு வெள்ளைத் தாள் எடுத்து 'பெறுநர்' வரைக்கும் எழுதிட்டேன்.

அவ களைஞ்ச தண்ணியை ஒரு வாளியில ஊத்தினா. செடிக்காம் அது, கீழ கொட்டமாட்டா. ஊத்திட்டு, "அது நான்தான்"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. நாலு வருஷம் சார். ஒரே வீடு. காலையில ஆறு மணிக்கு போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போவா. தங்கச்சிகிட்ட பேசப் போறான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

கோவம் வரத்தான் செஞ்சுது, அடக்கிக்கிட்டேன். மண்ணு தூக்க யாரும் இல்லைன்னு எழுதியிருக்கியே, நான் கீழ ஹால்ல மலை மாதிரி உக்காந்திருக்கேனே, கூப்பிட்டிருந்தா வரமாட்டேனான்னேன். கூப்பிட்டேனேங்கறா. எப்பன்னேன். எனக்கு ஞாபகமே இல்லை சார். அப்புறம் ஞாபகம் வந்துச்சு. ஒரு தடவை மூட்டை வந்து வாசல்ல கிடந்தப்ப கூப்பிட்டா. எனக்கு இடுப்பு சரியில்லைன்னேன். அன்னிக்கு எனக்கு யோகா வகுப்பு வேற இருந்துச்சு.

சரி, போனது போகட்டும், இப்ப எனக்காக ஒரு வரி எழுது, இவர் என் புருஷன்னு எழுது, நான் திருடன் இல்லைன்னு அவங்களுக்குத் தெரியட்டும்னேன். நியாயம்தானே? அவ, நீங்க போட்டதைப் படிச்சுக் காட்டுங்கன்னா. படிச்சேன். பதினாலையும் நிறுத்தி, ஏத்த இறக்கத்தோட, மேடையில படிக்கற மாதிரி படிச்சேன். சேலைத் தலைப்புல கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டா. முடிச்சதும் சொன்னா சார்.

"உங்களுக்குப் பதினாலு இருக்கு. எனக்கு அது ஒண்ணுதான். அதை மட்டும் விட்டுடுங்களேன்."

என்ன பேச்சு பாருங்க. நான் எதைப் பிடுங்கினேன்? அவ சிறகவரையாவே இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன? என் மானம் போச்சே, அதைக் கேக்கறேன். ரெண்டு நாள் பொறுத்தேன். அவ எழுதலை. மூணாவது நாள் இன்னொரு கணக்கு ஆரம்பிச்சு உள்ள போனேன். ரேஷன் கார்டைப் படம் எடுத்துப் போட்டேன். எங்க கல்யாண போட்டோ, முப்பத்தொரு வருஷம் முந்தினது, அதையும் போட்டேன். 'சிறகவரை அக்கா என்று நீங்கள் அழைப்பவர் என் துணைவியார். வீடு என் பெயரில் உள்ளது. கட்டில் என் தந்தையாருடையது. இனியாவது உண்மை தெரிந்து பேசவும்.' எப்படி? ஒரு வார்த்தை தப்பு இருக்கா?

அன்னிக்கு வந்துச்சு பாருங்க சார், இருநூத்திப் பன்னெண்டு லைக். என் வாழ்க்கையில அப்படி வந்ததில்லை. மன்னிச்சுக்கங்க ஐயான்னு பீர்க்கை அண்ணனே எழுதினாரு. கிண்டல் பண்ணின பொண்ணு அண்ணா, அண்ணான்னு குழைஞ்சுச்சு. நான் உக்காந்து ஒவ்வொருத்தருக்கும் பதில் போட்டுக்கிட்டிருந்தேன். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திரிக்கலை.

நடுவுல சில பேர் அவளையும் கேட்டாங்க. அக்கா, வீட்டுல அண்ணன் இருக்கும்போது நீங்க எதுக்கு வாளியில சுமந்தீங்கன்னு ஒருத்தர். ஐயோ பாவம் அக்கான்னு ஒருத்தர். அப்புறம் எவனோ விளையாட்டுக்கு 'பதினாலு அண்ணன் வீட்டம்மா'ன்னு எழுதினான். எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. பதினாலு அண்ணன் வீட்டம்மா, பீர்க்கு எப்ப போடணும்? பதினாலு அண்ணன் வீட்டம்மா, எறும்புக்கு என்ன செய்யறது? எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. உண்மையைச் சொல்லணும்னா சார், சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

சாயங்காலம் அந்தச் சிறகவரைங்கற பேரைத் தட்டினேன். ஒண்ணும் வரலை. கணக்கையே மூடிட்டா. நாலு வருஷமா போட்ட படம், எழுதினது எல்லாம் அதோட போச்சு.

சண்டை எதுவும் இல்லை சார். அதான் எனக்குப் புரியலை. சாப்பாடு போடறா. மாத்திரை எடுத்து வைக்கறா. செடிக்குத் தண்ணி ஊத்தறா. ஆனா போன் ஃபிரிட்ஜ் மேலயே கிடக்கு. காலையில மாடிக்கு வெறுங்கையோட போறா. மூணு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டாப் போதும் இப்ப. நான்தான் போடறேன். போடும்போது பாப்பேன், எவ்வளவு மிச்சம் இருக்குன்னு. எழுபது, எண்பது இருக்கும். பாத்துட்டு மறுபடி ஃபிரிட்ஜ் மேலயே வச்சுடுவேன் சார். ஏன்னு கேக்காதீங்க.

நான் அவளைத் திட்டியிருக்கேன், இல்லைங்கலை. உன் குழு என்ன குழு, புது ஆளுக்கு விதை அனுப்பற வழக்கம்னு பீத்திக்கறாங்க, அஞ்சு மாசமாச்சு, எனக்கு ஒரு கவர் வந்துச்சா, என்னை ஒரு ஆளா நினைக்கறாங்களான்னு தினம் ஒரு தடவையாவது கத்துவேன். அவ பாட்டுக்குக் கீரையை ஆஞ்சுக்கிட்டிருப்பா.

இன்னிக்கு அந்தக் குழுவோட விதைக் கூட்டம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடிப் பட்டத்துக்கு முன்னாடி, ஆனியில நடக்கும். புதுக்கோட்டையில ஒரு கல்யாண மண்டபம். ஒவ்வொருத்தரும் மைக்குல மூணு வரி சொல்லி, தன்னோட விதையைக் குடுக்கணும். அவ இதுவரைக்கும் போனதே இல்லை. இந்த வருஷம் போகணும்னு போன ஐப்பசியிலேயே சொல்லியிருக்கா குழுவுல. எனக்கு அது தெரியாது. பீர்க்கை அண்ணன் சொல்லித்தான் தெரியும். அக்காவை எப்படியாவது கூட்டிட்டு வாங்கன்னாரு. நானும் கூப்பிட்டேன். நல்ல புடவையாக் கட்டிக்க, நாம ரெண்டு பேரும் ஜோடியாப் போவோம், நான் பேசறேன் மைக்குல, நீ பக்கத்துல நில்லுன்னேன்.

"அங்க என்னை யாரா வரச் சொல்றீங்க?"ன்னு கேட்டா.

என்ன கேள்வி சார் இது? நீ நீயா வான்னேன். காலையில பாத்தா இந்தப் பை வாசல் பக்கத்துல இருக்கு. எல்லாத்தையும் காய வச்சு, கவர்ல போட்டு, ஒட்டி வச்சிருக்கா. நீங்களே குடுத்துட்டு வாங்க, பேர் எழுதியிருக்குன்னா. இருக்கற வேலையில எப்ப செஞ்சாளோ தெரியலை.

பாக்கறீங்களா? பாருங்க. 'பீர்க்கை அண்ணனுக்கு.' 'பாகல் தங்கச்சிக்கு.' இது 'தம்பட்டை மாமாவுக்கு.' ஒவ்வொண்ணுலயும் பின்னாடி எப்படிப் போடணும், எத்தனை நாள்ல முளைக்கும்னு எழுதியிருக்கா. என்னைக் கிண்டல் பண்ணின பொண்ணுக்குக்கூட இருக்கு சார். எழுத்தைப் பாருங்க. வலது பக்கம் சாஞ்சு, வட்டமெல்லாம் மூடாம இருக்கா? இது மனசுல எதையும் வச்சுக்கத் தெரியாதவங்க எழுத்து. ஊருக்கெல்லாம் பாத்துச் சொல்லியிருக்கேன். முப்பத்தொரு வருஷத்துல இவ எழுத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன். பஸ்ஸு ஏறினதும் முதல்ல எடுத்துப் பாத்தப்ப, யார்கிட்டயோ குடுத்து எழுதி வாங்கியிருக்கான்னு நினைச்சேன்.

மேடையில நான் என்ன சொல்லணும்னு நாலு பக்கம் எழுதி வச்சிருக்கேன். சட்டைப் பையில இருக்கு. மூணு வரின்னு அடிச்சுப் பேசினா, முதல் மூணு முகத்தை மட்டும் சொல்லிட்டு இறங்கிடலாம். ஆனா யாராவது எழுந்து, இந்தச் சிறகவரையை எந்த மாசம் போடறதுன்னு கேட்டா? எனக்குத் தெரியாது சார். அதான் ராத்திரியிலேருந்து ஒரே யோசனை.

ஆங், கீரனூர் வந்துடுச்சா? எண்ணிப் பாத்துடறேன் இருங்க. பீர்க்கை அண்ணன் குடுத்த பட்டியல்ல நாப்பது பேரு, அது ஹால் மேஜையிலதான் கிடந்துச்சு. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாப்பது. இதோ, நாப்பத்தொண்ணு. ஒண்ணு கூட இருக்கு. அடியில கிடந்திருக்கு. இதுல பேரே எழுதலை பாருங்க. முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை. எல்லாத்துலயும் எழுதினவ இதுல மறந்துட்டா. அவளுக்கும் வயசாகுது. ஆட்டிப் பாத்தா உள்ள விதை இருக்கு, நாலைஞ்சு இருக்கும். இதை நீங்க வச்சுக்கங்க சார். இவ்வளவு நேரம் பேச்சுத்துணையா இருந்தீங்க. வீட்டுல போடுங்க.

வாங்கிக்கங்க சார். ஏன் கையை எடுத்துக்கறீங்க?

என்ன? நானே சொன்னேனா? எதைச் சொன்னேன்?

புதுசா வர்றவங்களுக்கு. ஆமா. பழைய ஆள் ஒருத்தர் குடுப்பாரு. ஆமா, பேர் எழுதாம.

இல்லை சார். இருக்காது. அவதான் குழுவை விட்டே போயிட்டாளே.

கொஞ்சம் இருங்க.

தினம் கத்தினேன் சார். எனக்கு ஒருத்தன் அனுப்பலை, ஒருத்தன் அனுப்பலைன்னு. அவ அதைக் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கா. குடுக்கும்போது ஒரு வார்த்தை, இது உங்களுக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு உங்க கையில தூக்கிக் குடுத்திருப்பேனே. குடுத்துட்டேனே சார், நீங்கதான் வாங்கலை. சொல்லியிருக்கலாம். நானாவது, இந்தப் பையில என்ன வச்சிருக்கன்னு அவளைக் கேட்டிருக்கலாம். கேக்கலை.

போன் பண்ணிப் பாக்கறேன். எடுக்கமாட்டா, ஃபிரிட்ஜ் மேல கிடக்கும். ரிங்கு போகுது. போய்க்கிட்டே இருக்கு.

ஹலோ. அமிர்தம். நான்தான். பஸ்லதான் இருக்கேன். கீரனூர் தாண்டியாச்சு. இல்லை, ஒண்ணும் நசுங்கலை, மடியிலயேதான் வச்சிருக்கேன். அது இல்லை. அந்தக் கவர். அடியில ஒண்ணு இருக்கே, பேர் எழுதாதது. ஆமா, பாத்தேன். அதை, அதை எந்த மாசம் போடணும்?

சார், எந்த மாசம்னு சொல்லமாட்டேங்கறா. மண்ணை யாரு மாடிக்குத் தூக்குவாங்கன்னு கேக்கறா.

வைக்கலை சார். லைன்லதான் இருக்கா. இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்களேன். இந்த இரைச்சல்ல மெதுவாச் சொன்னா அவளுக்குக் கேக்காது.